லால்பாக்: பெங்களூரின் பழைய தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லால்பாக் பூங்காவா, தாவரவியல் தோட்டமா?

சட்டப்படியும் வேலைப்படியும் அது தாவரவியல் தோட்டம். கர்நாடக அரசின் தோட்டக்கலைத் துறை நடத்துகிறது. 240 ஏக்கர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். காலையில் நடக்க வருகிறவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் அது பூங்காதான், அதில் தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: அழகுக்காக மட்டும் போட்ட தோட்டமல்ல இது. வெளியூர்ச் செடி இந்த மண்ணில் பிழைக்குமா என்று வைத்துப் பார்த்த இடம். 260 ஆண்டுகளில் ஆட்சி பலமுறை மாறியிருக்கிறது. அந்த வேலை மட்டும் மாறவில்லை.

யார் தொடங்கியது?

மைசூரை ஆண்ட ஹைதர் அலி, 1760-இல். தும்கூர் பக்கமுள்ள சீராவில் இருந்த முகலாய பாணித் தோட்டத்தைப் பார்த்து அதே மாதிரி அமைத்ததாகச் சொல்வார்கள். முதலில் சுமார் 40 ஏக்கர்தான். மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். காபூல், பாரசீகம், துருக்கி, மொரீஷியஸ் என்று பல இடங்களிலிருந்து விதையும் நாற்றும் வரவழைத்தார். அவர் காலத்து மாமரங்கள் என்று இன்றும் சில மரங்களைக் காட்டுகிறார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஒரு லால்பாக் இருக்கிறதே?

இருக்கிறது, அது வேறு. ஹைதரும் திப்புவும் அடக்கமாகியிருக்கும் கும்பஸ் என்ற கல்லறை மண்டபம் அந்தத் தோட்டத்துக்குள்தான் நிற்கிறது. பழைய குறிப்புகளைப் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். 1792-இல் ஆங்கிலேயர் இட்ட முற்றுகையில் மரங்கள் வெட்டப்பட்டதாக வரும் செய்தி ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தோட்டத்தைப் பற்றியது, பெங்களூரைப் பற்றியதல்ல.

பெயருக்கு என்ன பொருள்?

'லால்' என்றால் சிவப்பு, 'பாக்' என்றால் தோட்டம். ரோஜாப் பாத்திகள் நிறைந்திருந்ததால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். 'லால்' என்பதற்குச் செல்லமான, அருமையான என்ற பொருளும் உண்டு என்பதால் 'அருமைத் தோட்டம்' என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் கொஞ்ச காலம் சைப்ரஸ் தோட்டம் என்றார்கள்.

அந்தக் காலத்தில் தோட்டம் எப்படி இருந்தது?

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாட்டைச் சுற்றி அளந்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் இங்கே வந்து பார்த்தார். சதுரம் சதுரமாகப் பிரித்த நிலம், நடுவே நடைபாதைகள், பாதையின் இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். ஒரு சதுரத்தில் ஒரே வகைச் செடிதான். ஒன்றில் முழுக்க ரோஜா, அடுத்ததில் முழுக்க மாதுளை. கலந்து நடுவது அந்தத் தோட்ட மரபில் கிடையாது.

அவர் சொன்ன பெரிய குறை தண்ணீர். பெங்களூருக்கு ஆறு கிடையாது, வெயில் காலத்தில் எல்லாவற்றுக்கும் கையால் நீர் விட வேண்டும். திப்புவின் தோட்டத்துக்கு மூன்று கிணறுகள். தோல்பையைக் கயிற்றில் கட்டி, உருளை மேல் ஓடவிட்டு, சரிவில் இறங்கும் ஒரு ஜோடி மாடு இழுக்க, தண்ணீர் மேலே வரும். அவர் அதைக் 'கபிலி' என்று எழுதினார். நம்மூரில் கபிலை, கமலை, கவலை என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். மாடு ஏன் சரிவில் இறங்க வேண்டும் என்று கேட்கலாம். நிறைந்த பையின் எடையை மாடு தன் உடல் எடையைச் சேர்த்து இழுக்கிறது, காலிப் பை கிணற்றுக்குள் இறங்கும்போது பளு இல்லாமல் மேடேறித் திரும்புகிறது. எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்ச முடியும் என்பதை மாடுகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்தது. தோட்டம் அன்று 40 ஏக்கர் அளவோடு நின்றதைப் புரிந்துகொள்ள இதுவும் உதவும்.

முதல் தோட்டக்காரர்கள் தமிழர்கள் என்பது உண்மையா?

பெங்களூரின் திகளர் சமூகத்தைப் பற்றிய கேள்வி இது. தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த தோட்டக்காரச் சமூகம், ஊரின் புகழ்பெற்ற கரகத் திருவிழாவை நடத்துகிறவர்கள். கன்னடத்தில் 'திகளர்' என்ற சொல்லே தமிழரைக் குறிக்கும் பழைய சொல். அவர்களது தோட்டத் திறமையைப் பார்த்து ஹைதர் லால்பாக் வேலையை ஒப்படைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பெங்களூரின் காய்கறி, பூ, கீரைத் தோட்டங்களில் அவர்கள் கைவண்ணம் நெடுங்காலம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

1799-க்குப் பிறகு தோட்டம் யார் கையில் இருந்தது?

கைமாறிக்கொண்டே இருந்தது. மேஜர் வா என்ற ராணுவ அதிகாரி சில காலம் பார்த்துக்கொண்டார். 1819-இல் அவர் கம்பெனியிடம் ஒப்படைக்க, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் மேற்பார்வைக்குப் போனது. 1836 முதல் 1842 வரை ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நடத்தியது. 1856-இல் அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது, அதற்குப் பரிந்துரைத்தவர் சென்னை மாகாணத்தில் வனத்துறைக்கு அடித்தளம் போட்ட ஹியூ கிளெகார்ன். இன்றைய லால்பாக்கின் கதை உண்மையில் இந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பொறுப்புக்கு வந்தார்கள்.

அதில் முக்கியமானவர்கள் யார்?

மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஜான் கேமரன் 1874-இல் வந்தார், 1908 வரை இருந்தார். தோட்டத்தின் பரப்பைப் பெருக்கியது அவர் காலத்தில்தான். 1889-இல் கிழக்கே 30 ஏக்கர், 1891-இல் பாறையும் கோபுரமும் அடங்கிய 13 ஏக்கர், 1894-இல் பாறைக்குக் கீழே 94 ஏக்கர். லால்பாக் என்றதும் நினைவுக்கு வரும் அந்தப் பாறை, தோட்டம் தொடங்கி 130 ஆண்டு கழித்துத்தான் வேலிக்குள் வந்தது.

அடுத்தவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஜெர்மானியர், 1865-இல் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்தவர். கியூவில் பணிபுரிந்து, பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்த்துவிட்டு 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார், 1932-இல் ஓய்வு பெற்றார். பெங்களூரிலேயே தங்கி 1956-இல் காலமானார், கல்லறையும் அங்கேதான். பெங்களூர்த் தெருக்கள் மாறி மாறிப் பூப்பதற்கு அவர்தான் காரணம் (கீழே விளக்கம் உண்டு). தோட்டத்தை ஒட்டி ஓடும் ஒரு சாலைக்கு அவர் பெயர்.

மூன்றாமவர் எம்.எச். மரிகௌடா. 1951 முதல் 1974 வரை பொறுப்பில் இருந்தவர். மாநிலம் முழுவதும் தோட்டக்கலைப் பண்ணைகளையும் நாற்றங்கால்களையும் பரப்பியவர். கர்நாடகத் தோட்டக்கலையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். லால்பாக்கில் சோதித்ததை விவசாயியின் கொல்லைக்குக் கொண்டுபோனவர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

சௌசௌ லால்பாக்கிலிருந்து வந்ததா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது, கேமரன் கொண்டுவந்ததாக. காயின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். நம் ஊரில் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று பெயர் வாங்கியிருப்பதே அது எந்த வழியாக வந்தது என்பதற்குச் சாட்சி. கன்னடத்தில் 'சீமெ பதனெகாய்', நாமும் சீமைக் கத்தரிக்காய் என்போம். கத்தரிக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை, அது பூசணிக் குடும்பம்.

இது பரவிய விதம் கவனிக்கத்தக்கது. ஒரு காய்க்குள் ஒரே ஒரு தட்டை விதை. அந்த விதையைப் பிரித்தெடுத்துக் காயவைத்து நட்டால் முளைக்காது. காய் முற்றி, அடிவாய் பிளந்து, முளை வெளியே எட்டிப் பார்க்கும்போது முழுக் காயையே பாதி மண்ணில் புதைக்க வேண்டும். முளை வந்த பக்கம் சற்றுச் சாய்வாகக் கீழே பார்க்க வேண்டும். பந்தல் போட்டுவிட்டால் பிறகு கை வைக்கவே வேண்டாம். உலர்விதையாகப் பையில் போட்டு அனுப்ப முடியாத பயிர் என்பதால், கண்டம் விட்டுக் கண்டம் வர தாவரவியல் தோட்டங்களின் உயிர்ச்செடிப் பரிமாற்றம் தேவைப்பட்டது.

கண்ணாடி மாளிகை எதற்காகக் கட்டினார்கள்? பெங்களூரில் குளிரே இல்லையே?

சரியான கேள்வி. இங்கிலாந்தில் கண்ணாடி வீடு கட்டுவது உள்ளே வெப்பத்தைப் பிடித்துவைக்க. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருந்தாலும் பெங்களூருக்கு அது தேவையில்லை. இங்கே அது கூரை மட்டுமே: மழையும் ஆலங்கட்டியும் படாமல், வெளிச்சம் மட்டும் இறங்கும் கண்காட்சிக் கூடம். செடிகளையும் பழங்களையும் காய்கறிகளையும் மக்களுக்குக் காட்டுவதற்கென்றே எழுந்தது.

1889 நவம்பர் 30-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் கண்காட்சிக் கூடத்தை மனதில் வைத்து வடிவமைத்தது. வார்ப்பிரும்புப் பாகங்களை கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் கட்டடங்களின் வசதி அது. தூண், விட்டம், வளைவு எல்லாம் எண்ணிட்ட துண்டுகளாக வரும், போல்ட் போட்டு முடுக்கினால் கட்டடம். 1935-இல் மிர்சா இஸ்மாயில் மைசூர் திவானாக இருந்தபோது விரிவாக்கினார்கள். அதற்கு இரும்பு பத்ராவதி ஆலையிலிருந்து வந்தது. பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் தூண் அலங்காரத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இத்தகைய கட்டடத்துக்கு எதிரி துரு. வார்ப்பிரும்பு மழையில் நனைந்தால் உடனே பாழாகாது, ஆனால் பூட்டு இடுக்குகளில் நீர் நின்றால் துரு ஊதி, பொருத்தத்தை நெம்பிப் பிளக்கும். அதனால்தான் பெயின்ட் அடிப்பது அங்கே அழகு வேலையாக இல்லாமல் பராமரிப்பு வேலையாகவே நடக்கிறது. கண்காட்சி இல்லாத நாட்களில் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், ஏமாற வேண்டாம்.

அங்கே அரசியல் மாநாடு நடந்ததாமே?

நடந்தது. 1969 ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம் கண்ணாடி மாளிகையில்தான் கூடியது. இந்திரா காந்திக்கும் மூத்த தலைவர்களுக்கும் இருந்த விரிசல் அங்கே வெளிப்பட்டது, அந்த ஆண்டு இறுதிக்குள் கட்சி இரண்டாக உடைந்தது. காமராஜரும் நிஜலிங்கப்பாவும் ஒரு பக்கம் நின்ற அதே பிளவு. பூச்செடி வைக்கக் கட்டிய கூடம் இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பிடித்தது இப்படி.

அந்தப் பாறையில் அப்படி என்ன விசேஷம்?

வயது. தீபகற்ப நைஸ் என்று நிலவியலாளர்கள் சொல்லும் பாறை, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை. இமயமலையின் வயது இதற்குப் பக்கத்தில் வைத்தால் நேற்று. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருப்பது இந்த வகைப் பாறைதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது, அதற்கான பலகையும் அங்கே இருக்கிறது.

பலகையோடு நிற்காமல் குனிந்து பாருங்கள். வெளிர் சாம்பல் பட்டைகளும் கருப்புப் பட்டைகளும் மாறி மாறி ஓடும். வெளிறியவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கருமையானவை பயோடைட் போன்ற கனிமங்கள். பூமிக்குள் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, கெட்டியாக இருந்தபடியே பாறையைப் பிசைந்ததில் இந்தப் பட்டைகள் வந்தன. சில இடங்களில் பட்டை நேராகப் போகாமல் மடிந்து வளைந்திருக்கும். சப்பாத்தி மாவை மடித்துத் தேய்த்த மாதிரி.

ஏறுவது சிரமமில்லை, படி தேவைப்படாத சரிவு. ஆனால் இரண்டு விஷயம். மழை பெய்த கையோடு ஏறாதீர்கள், பாறையில் படிந்த பாசி ஈரத்தில் வழுக்கும். நடுப்பகலிலும் வேண்டாம், நிழல் கிடையாது, கல் சூடேறி கால் பொசுக்கும். காலை ஏழு எட்டு மணி, அல்லது மாலை.

மேலே இருக்கும் கோபுரம்?

கெம்பேகௌடா கோபுரம். பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவின் வம்சத்தார் ஊரின் எல்லையாக நான்கு கோபுரம் கட்டியதாகச் சொல்வார்கள், அதில் ஒன்று. மற்ற மூன்று அல்சூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி சர்க்கிள் ஆகிய இடங்களில். ஊர் இந்த எல்லைகளைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது என்பதைப் பாறை மேல் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாலே தெரியும்.

திருவக்கரைக் கல்மரம் லால்பாக்கில் இருக்கிறதா?

ஒரு துண்டு இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து நிலவியல் ஆய்வுத் துறை அளித்தது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரத்தண்டு, கல்லாகிப் போனது. மரம் வெள்ளத்தில் வண்டலுக்குள் புதைந்தால் காற்று கிடைக்காததால் மக்குவது மெதுவாகும். அந்த இடைவெளியில் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிகிறது. மரத்தின் நார் வரி அப்படியே இருக்கும், பொருள் மட்டும் கல். தொட்டால் குளிர்ச்சியாக, பார்த்தால் விறகாக இருப்பதால், தெரியாதவர்கள் பட்டுப்போன மரம் என்று கடந்துபோகிறார்கள்.

எந்த மரங்களைத் தவறவிடக் கூடாது?

முதலில் அந்தப் பெரிய வெள்ளை இலவு மரம். இருநூறு ஆண்டு வயது சொல்கிறார்கள். அடிமரத்திலிருந்து சுவர் சுவராகப் புறப்படும் பலகை வேர்கள் ஆள் உயரத்தை மறைக்கும். ஆழமாக வேர் ஓடாத மண்ணில் இவ்வளவு உயர மரத்தைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது அந்தச் சுவர்கள்தான்.

அதற்கு வேலி போட்டிருப்பதைச் சிலர் குறை சொல்கிறார்கள். காரணம் பெயர் செதுக்குகிறவர்கள் மட்டுமல்ல. மரத்துக்கு உணவு இழுக்கும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்ளேயே இருக்கின்றன. நாள் முழுக்க ஆயிரம் கால் மிதித்தால் மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காது. வேர் மூச்சடைத்துச் சாகும். இலை உதிர்வதும் கிளை நுனி காய்வதும் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பெங்களூரில் கோடை மழைக்கு முந்தைய காற்றில் பெரிய மரங்கள் விழுவதற்கு இப்படி வேர் கெட்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். லால்பாக்கில் விழுந்த சில மரங்களைச் சிற்பமாகச் செதுக்கி அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

மற்றபடி, உயரமாக ஊசிபோல் நிற்கும் அரக்கேரியா மரங்கள், அடிமரத்திலேயே பூக்கும் நாகலிங்கம், சுரைக்காய் போலக் காய் தொங்கும் கிகேலியா ஆகியவற்றைப் பாருங்கள். கிகேலியா காய் பல கிலோ இருக்கும். அதன் நிழலில் பாய் விரிக்க வேண்டாம்.

எந்த மாதம் என்ன பூக்கும்?

கிரும்பீகல் வகுத்த வழி இது. ஒரே நேரத்தில் எல்லாம் பூத்து ஓய்ந்துவிடாமல், ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும்படி மர வகைகளைத் தேர்ந்து தெருத்தெருவாக நடுவது. அந்தப் பழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பு டபேபூயா. பிப்ரவரி, மார்ச்சில் ஊதா ஜகரண்டா. மார்ச் முதல் மே வரை மஞ்சள் இயல்வாகை. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகர். மழை முடிந்து அக்டோபர், நவம்பரில் மரமல்லி, அதன் வாசனை மரத்துக்கு முன்பே வந்து சேரும். மழை எப்போது நின்றது என்பதைப் பொறுத்துச் சில வாரம் முன்பின் ஆகும். டபேபூயாவை நம்பி ஒரு குறிப்பிட்ட தேதிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்: உச்சப் பூப்பு பத்து நாள் நீடித்தால் அதிகம்.

மலர்க் கண்காட்சி எப்போது? போகலாமா?

ஆண்டுக்கு இரண்டு: குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியிலும், சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டிலும். ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு மேல் ஓடும். தோட்டக்கலைத் துறையும் மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. இதுவரை இருநூறுக்கு மேல் நடந்தாகிவிட்டது.

தேதி நிலையானது, செடிக்கோ காலண்டர் தெரியாது. ஆகவே வேலை பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான பருவப் பூச்செடிகள் விதைத்து இரண்டரை முதல் மூன்றரை மாதத்தில் பூக்கும். ஜனவரிக்கு அக்டோபர் வாக்கில் விதைக்க வேண்டும். நாற்று நாலைந்து இலை விட்டதும் நுனி கிள்ளுவார்கள். கிள்ளினால் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும், ஆனால் பூக்க இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகஸ்ட் கண்காட்சிதான் கடினம். நாற்று வளரும் காலம் மழைக்காலம், தொட்டியில் ஈரம் தங்கினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் வரிசை வரிசையாகச் சாயும். ஜனவரி கண்காட்சியில் பருவப்பூ அடர்த்தி கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஜனவரிக்குப் போங்கள்.

கண்ணாடி மாளிகைக்குள் கோயில், கட்டடம் என்று பூவால் எழுப்பும் பெரிய உருவங்கள் வெட்டிய மலர்களால் ஆனவை, நீர் ஊறிய ஸ்பாஞ்சில் ஒவ்வொன்றாகக் குத்தியவை. ரோஜா நாலைந்து நாளில் தளரும் என்பதால் நடுவில் பூ மாற்றுவார்கள். தொடங்கிய இரண்டு மூன்று நாளுக்குள், அல்லது பூ மாற்றிய மறுநாள் போனால் நல்ல நிலையில் பார்க்கலாம். விடுமுறை நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 அன்று உருவத்தைவிட முன்னால் நிற்பவர் தலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

நான்கு வாசல். எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மேற்கு வாசல்: மெட்ரோ பச்சைத் தடத்தின் லால்பாக் நிலையத்துக்குப் பக்கம். கண்ணாடி மாளிகைக்குக் கிட்ட. டபுள் ரோடு வாசல்: சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு, பாறையும் கோபுரமும் அருகில். சித்தாபுரா வாசல்: ஏரிப் பக்கம், கூட்டம் குறைவு. பிரதான வாசல்: வடக்கே, மாவள்ளி பக்கம். 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகத்தின் பழைய கிளை அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, நுழைந்த வாசலிலேயே திரும்பி வருவது. 240 ஏக்கரில் அது இரட்டை நடை. மெட்ரோவில் வந்து மேற்கு வாசலில் நுழைந்து, கண்ணாடி மாளிகை, இலவு மரம், ஏரிக்கரை, பாறை என்று சுற்றி, பிரதான வாசலில் வெளியேறினால் இரண்டரை மணி நேரத்தில் நிதானமாக முடிக்கலாம். ஞாயிறு காலை எம்.டி.ஆரில் இடம் கிடைக்க இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம், கட்டணம், கேமரா?

காலை 6 முதல் மாலை 7 வரை. அதிகாலை நடைக்கு வருகிறவர்களுக்கு நெடுங்காலமாகக் கட்டணம் கிடையாது, பிறகு நுழைவுச் சீட்டு உண்டு. வண்டி நிறுத்த தனிக் கட்டணம். தொகை அவ்வப்போது மாறும், கண்காட்சி நாட்களில் தனி விகிதம். கைபேசியில் படமெடுக்கத் தடையில்லை. கல்யாண ஜோடிப் படப்பிடிப்பு, குறும்படம் என்று ஆட்களோடும் கருவியோடும் வந்தால் முன்அனுமதி வேண்டும். பிளாஸ்டிக் பையும் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலும் கொண்டுவராதீர்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நல்லது.

வயதானவர்களை அழைத்துவரலாமா?

தாராளமாக. முக்கியப் பாதைகள் சமதளம், பெஞ்சுகள் நிறைய. பேட்டரி வண்டி கட்டணத்துக்குக் கிடைக்கும். பாறையை மட்டும் அடிவாரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்காட்சி நாளில் கூட்டிவர வேண்டாம்.

ஏரியில் பறவை உண்டா?

உண்டு. நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, தாழைக்கோழி எல்லாம் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் போக வேண்டும். பொரியும் ரொட்டியும் போடாதீர்கள். மீன் தின்னும் பறவைக்கு அது உணவல்ல, நீரில் ஊறி அழுகிப் பாசியைத்தான் வளர்க்கும்.

தோட்ட நிலத்தை யாரும் எடுக்க முடியாது என்கிறார்களே?

1975-இல் வந்த கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் லால்பாக் நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது. ஆனால் சட்டத்தைத் திருத்த சட்டமன்றத்தால் முடியும். மெட்ரோ தடத்துக்காக மேற்கு விளிம்பில் சிறு பகுதி எடுக்கப்பட்டபோது 2009-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025-இல் நகரின் சுரங்கச் சாலைத் திட்டத்துக்கு லால்பாக் ஓரத்தில் வாயில் அமைக்கும் யோசனை வந்தபோதும் எதிர்ப்பு கிளம்பியது. இம்முறை மரத்தோடு பாறையும் வாதத்தில் சேர்ந்துகொண்டது.

கப்பன் பார்க்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கப்பன் பார்க் 1870-இல் ரிச்சர்ட் சாங்கி திட்டமிட்டது, தொடக்கத்தில் மீட்ஸ் பார்க் என்று பெயர். அரசுக் கட்டடங்களைச் சுற்றிய திறந்தவெளி, நடுவே சாலைகள் ஓடும், சீட்டு கிடையாது. மரநிழலில் புத்தகம் படிக்க அங்கே போங்கள். மரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க லால்பாக் வாருங்கள். ஒரே நாளில் இரண்டும் பார்க்க வேண்டுமென்றால் காலை லால்பாக், மாலை கப்பன். மாற்றிச் செய்தால் பாறையில் வெயில் உங்களுக்குத்தான்.